வண்டியை எங்கே விடுவது: வளாக ஷெட்டா, எதிர்வாசல் காலிமனையா, பஸ் ஸ்டாண்டு பக்கமா?

நான் ஆராய்ச்சி செய்வது சேலத்துக்கு வெளியே, நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். வீடு அம்மாபேட்டையில். போன பருவம் வரை ஸ்கூட்டரை வளாகத்துக்குள்ளேயே நிறுத்தினேன், நடுவில் கொஞ்ச நாள் எதிர்வாசல் காலிமனையில். இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட்டண ஸ்டாண்டில் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறுகிறேன். ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும்.

செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். வளாக ஷெட்டுக்குக் காசு கிடையாது. காலிமனைக்காரர் நாளுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். ஸ்டாண்டில் மாதக் கட்டணம், ஹெல்மெட் வைத்துப் போனால் தனியாகக் கொஞ்சம். ஆனால் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, வீட்டிலிருந்து ஸ்டாண்டு வரை மட்டும் வண்டி ஓட்டுவது பெரிய மிச்சம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எனக்கு மூன்றாவது வழிதான் மலிவு. ஆண்களுக்கு டிக்கெட் காசு சேரும், அவர்கள் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பாதுகாப்பில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிழல், வளாக ஷெட்டில் ஒன்பது மணிக்குள் வருகிறவர்களுக்கு உண்டு. பிந்தி வந்தால் புங்க மரத்தடி, அங்கே காக்கை எச்சம். மரமும் கிடைக்காவிட்டால் வெட்டவெளி. ஏப்ரல், மே மாதத்துச் சேலம் வெயிலில் நின்ற கறுப்பு சீட்டில் உட்காருவதைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். என்னை மாற வைத்தது வேறு. எல்லோரும் காலையில் இடம் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். உண்மையான தொல்லை சாயங்காலம் வண்டியை வெளியே எடுப்பதில் இருக்கிறது.

ஒரு ஸ்கூட்டர் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம். ஒரு கார் நிற்கும் இடத்தில் நெருக்கிப் போட்டால் ஆறு நிற்கும். (பேராசிரியர்களின் கார்களுக்குக் கோடு போட்ட இடம் பாதி காலியாகக் கிடக்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடத்தான் செய்கிறது.) இடம் பற்றாததால் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் நடைபாதையில் ஒன்று என்று வந்து நிற்கும். ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வந்து நிழலில் விட்டவர்தான் சாயங்காலம் நடுவில் மாட்டிக்கொள்வார். சீக்கிரம் வந்ததற்குத் தண்டனை மாதிரி.

இதில் ஹேண்டில் லாக் ஒரு தனிக் கதை. லாக் போட ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டும். திருப்பியதும் பிரேக் லிவர் பக்கத்து வண்டியின் கண்ணாடிக்குப் போய் முட்டும். லாக் போட்ட வண்டியைத் தள்ளவும் முடியாது, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கித் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். வண்டி எடை 100 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் வேண்டும். எங்கள் ஷெட்டுக்காரர் காலையில் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "கண்ணு, லாக் போடாம போ. நானே ஓரமா தள்ளி விட்டுக்கறேன்." சொன்னபடி தள்ளித்தான் விடுவார். சாயங்காலம் நம் வண்டி விட்ட இடத்தில் இருக்காது, வெயிலில் நிற்கும், சில நாள் சைடு ஸ்டாண்டில். மழை பெய்து ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்கினால் ஒரு வண்டி சாயும். சாய்ந்தது பக்கத்து வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். அப்படி ஒருமுறை கடைசியில் கிடந்தது என்னுடையது. லிவர் வளைந்து, இண்டிகேட்டர் உடைந்து, பக்கவாட்டு பேனலில் ஒரு நீளக் கீறல். யார் மேல் தப்பு என்று யாரிடம் போய்க் கேட்பது? விற்கப் போனால் மெக்கானிக் முதலில் தடவிப் பார்ப்பது அந்த பேனலைத்தான்.

ஸ்டாண்டில் இது இல்லை. டோக்கன் கொடுப்பவர் நாம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்டு அதற்கேற்ப உள்ளேயோ முன்னாலோ விடுவார். எடுக்கும்போது அவரே இழுத்து வெளியே நிறுத்துவார். காசு கொடுக்கிறோம் என்பதைவிட, அங்கே வண்டியை எடுத்துக் கொடுப்பது ஒருவரின் வேலை என்பதுதான் முக்கியம். வளாகத்தில் வண்டியை உள்ளே விடுவதற்கு ஆள் உண்டு, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

காலிமனையைக் கொஞ்ச நாள்தான் பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இடம் தாராளம், யாரும் யாரையும் அடைப்பதில்லை. ஆனால் வெயில் முழுக்க வண்டி மேல்தான். இரண்டு வேளையும் நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை. சாலை கடக்காத பக்கத்தில் இப்படி ஒரு மனை கிடைத்தால் நான் பஸ்ஸை விட்டு அங்கே போனாலும் போவேன்.

பஸ்ஸிலும் குறை இல்லாமல் இல்லை. நிறுத்தத்திலிருந்து துறைக்கு நடக்கும் தூரம் வெயிலில் கொஞ்சம் அதிகம்தான். எட்டரைக்கு மேல் ஏறினால் படியில்தான் இடம். மதியம் ஒரு வேலையாக ஐந்து ரோடு வரை போய்வரலாம் என்றால் வண்டி கையில் இல்லை. சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும் கோடைமழை நாட்களில் பஸ்ஸே மேல் என்று தோன்றியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எப்படி என்று இன்னும் பார்க்கவில்லை.

மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு தோழி சொன்னாள். ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் தயாராவதாலோ என்னவோ, எங்கள் பக்கம் அந்த வண்டிகள் அதிகம். பெட்ரோல் மிச்சம், சரி. ஆனால் அதற்கும் அதே அகலம், அதே எடை. வளாகத்துக்குள்தான் நிறுத்தியாக வேண்டும் என்கிறவர்களுக்கு நான் காட்டுவது டிவிஎஸ் எக்ஸ்எல். ஒல்லி, 90 கிலோவுக்குள். எங்கள் துறையில் அதை ஓட்டும் ஒரு பையன் மட்டும் யாரையும் கூப்பிடாமல் தானே தூக்கித் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறான்.

ஸ்டாண்டு என்று முடிவு செய்கிறவர்கள் அது இரவு எத்தனை மணிக்குப் பூட்டும் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். நான் விடும் இடம் பத்து மணிக்குப் பூட்டிவிடும். ஆய்வகத்தில் நேரமாகும் என்று தெரிந்த நாளில் மட்டும் ஸ்கூட்டரை வளாகத்துக்கே ஓட்டிப் போகிறேன், மதியத்துக்கு மேல். அந்நேரம் ஷெட்டும் கொஞ்சம் காலியாகியிருக்கும்.