புறக்கோட்டை ஹெட் டோர்ச்சும் மலைப்பனியும்

போன வருஷக் கடைசியில் புறக்கோட்டை நடைபாதைக் கடையொன்றில் 2,800 ரூபாவுக்கு ஒரு ஹெட் டோர்ச் வாங்கினேன். பெட்டியில் ஒரு பெயர், டோர்ச்சில் இன்னொரு பெயர், அதனால் பிராண்டைச் சொல்லிப் பயனில்லை. 10,000 லூமென் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது, நம்பிவிடாதீர்கள். போன் டோர்ச்சை விட நாலைந்து மடங்கு வெளிச்சம் வரும், படியேற அதுவே தாராளம்.

கொழும்பில் மார்கழிக் குளிர் என்பது ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பதோடு முடிந்துவிடும், அதனால் இதைச் சோதிக்க சிவனொளிபாதமலைக்கே போனோம். நவம்பர் கடைசி, யாத்திரை சீசன் தொடங்கவில்லை. நல்லதண்ணிப் பாதையில் உந்துவப் போயா என்கிற டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும்தான் லைட் எரியும், பிளேன்டிக் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். அதற்கு முன்னால் போனால் ஐந்தாயிரத்துச் சொச்சம் படிகளும் கும்மிருட்டு, தலையில் இருப்பதுதான் ஒரே வெளிச்சம்.

பாதி மலை வரை பிரமாதம். அப்புறம் பனிமூட்டம் இறங்கியது. முழு வெளிச்சத்தையும் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, படியைக் காணோம். டோர்ச்சின் மேல் கோபம் வந்தது, ஆனால் தப்பு அதனுடையது இல்லை. நெற்றியிலிருந்து போகும் ஒளி பனித்துளிகளில் பட்டு நேராக நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது, அதோடு வெளிச்சமும் கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதால் படியின் நிழலும் விழுவதில்லை, எது படி எது பள்ளம் என்று பிரித்தறிய முடியாது. வாகனங்களில் ஃபொக் லைட்டைக் கீழே பொருத்துவதும் இதனால்தான். பட்டியைத் தளர்த்தி இடுப்பில் கட்டி, வெளிச்சத்தையும் குறைத்தேன், ஒவ்வொரு படியின் விளிம்பும் பளிச்சென்று தெரிந்தது. நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான், பத்து நிமிஷத்தில் அவனும் தன் டோர்ச்சை இடுப்புக்கு இறக்கிவிட்டான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சிவப்பு லைட். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும், வெள்ளை லைட்டை ஒரு தடவை அடித்தால் அவ்வளவும் போச்சு. மங்கலான சிவப்பு அப்படிக் கெடுக்காது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே விடியலுக்காகக் காத்திருந்தபோது பனி விலகியது, சிவப்பை மட்டும் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றோம், நிமிர்ந்தால் நட்சத்திரம் அத்தனையும் அப்படியே இருந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் எத்தனை இரவு உட்கார்ந்திருக்கிறேன், இதில் கால்வாசி கூடப் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை ஜனவரிப் போயாவுக்குப் போனேன். பாதை முழுக்க லைட், முழுக்க சனம், ஹெட் டோர்ச்சுக்கு வேலையே இல்லை. பழக்கதோஷத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஏற, மேலிருந்து இறங்கிவந்த ஒரு ஆச்சி கையால் முகத்தை மறைத்துக்கொண்டு "மகனே, கண் தெரியவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது. சீசனில் போகிறவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம், போனே போதும்.

குறை என்று பார்த்தால் பெரியது சுவிட்ச். லொக் கிடையாது. இரண்டாம் பயணத்தில் கோட்டையில் ஏறியதிலிருந்து பைக்குள் எரிந்துகொண்டே வந்திருக்கிறது, ஹட்டனில் கையை விட்டால் சுடுதண்ணிப் போத்தல் மாதிரிச் சூடு, சார்ஜ் கால்வாசிதான் மிச்சம். நல்லவேளை அது சீசன் பயணம். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் நம் மலைக் குளிருக்கு அது பெரிய விஷயமில்லை, என் பற்றரியைத் தின்றது அந்தச் சுவிட்ச். இப்போது பற்றரியைக் கழற்றி வேறாக ஒரு டப்பாவில் போட்டுத்தான் கொண்டுபோகிறேன். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடியும் இரண்டே மாதத்தில் பிய்ந்துவிட்டது, தூறலுக்குப் பரவாயில்லை, அடைமழைக்கு ஒரு பொலித்தீன் பை வைத்துக்கொள்ளுங்கள். பின்மண்டையில் பற்றரிப் பெட்டி இருப்பதால் இறங்கும்போது பட்டி வழுக்கும், தொப்பிக்கு மேல் கட்டினால் நிற்கும்.

வாங்குவதென்றால் கடையிலேயே எல்லா லைட்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு முதலில் எடுத்துத் தந்ததில் சிவப்பு எரியவே இல்லை, "அது யாருக்கு வேணும்" என்றார் கடைக்காரர்.