டேங்க் நல்லது, உள்ளே இருக்கும் காற்றை மட்டும் நம்பாதீர்கள்

ஹீட்டரில் சூடாகிப் பெருகும் தண்ணீருக்கு இடம் தரும் எட்டு லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க் வாங்கி மாட்டி ஒரு வருடம் ஆகிறது. அதற்கு முன் எங்கள் 100 லிட்டர் ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் சேஃப்டி வால்வு சொட்டும், கீழே பக்கெட் வைத்தே பழகிவிட்டோம். பிளம்பர் வால்வு போச்சு என்று இரண்டு முறை மாற்றினார். புது வால்வும் சொட்டியது. சொட்டத்தானே செய்யும், அதன் வேலையே அதுதான்.

20 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது 100 லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெருக்கும். முன்பு அது வந்த வழியே மெயின் லைனுக்குள் பின்வாங்கிவிடும், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வை லைனில் போட்டதிலிருந்து அதற்குப் போக்கிடம் இல்லை, தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது, அதனால் பிரஷர் கிடுகிடுவென ஏறி 7 பாரில் வால்வு திறந்துகொள்கிறது. (சொட்டுகிறதே என்று வால்வை அடைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் கெட்ட அன்று அந்த ஹீட்டர் வெடிகுண்டுதான்.)

டேங்கின் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பெருகும் தண்ணீர் காற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்காரும், அவ்வளவுதான்.

சரி, மாட்டியாயிற்று. அப்புறமும் சொட்டியது! கடுப்பில் கேஜ் வைத்துப் பார்த்தால், காற்றழுத்தம் 2.7 பார் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே 0.8தான். லைன் பிரஷர் 3.5. அதாவது ஹீட்டர் போடும் முன்பே டேங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது, பெருகுவதற்கு இடம் எங்கே? லைனை மூடி, குழாயைத் திறந்து, டேங்கைக் காலி செய்துவிட்டு சைக்கிள் பம்பால் 3.5 வரை அடித்தேன். காலி செய்யாமல் அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டும், அதில் ஏமாறாதீர்கள். அன்றிலிருந்து முழுச் சூட்டிலும் முள் நாலரை அளவில் நிற்கிறது, பக்கெட் மாடிக்குப் போய்விட்டது.

இந்தக் காற்று விஷயம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. தாங்கு கிளாம்பும் பெட்டியில் வராது, சவ்வு கிழிந்து டேங்க் நிரம்பினால் எட்டு கிலோ தண்ணீரும் குழாயில் தொங்கும், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் பின்னை அமுக்கும்போது தண்ணீர் பீச்சினால் சவ்வு போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையதில் நேற்று வரை காற்றுதான் வருகிறது. ஐந்துக்கு நான்கு.