மஞ்சள் பூனைக்கு மஞ்சள் காமாலை: வேலூர் சத்துவாச்சாரி பூனை டாக்டருக்கு 4 ஸ்டார்

எங்கள் லட்டு மஞ்சள் நிறக் கடுவன், எடை 6 கிலோ. அவனுக்குக் காமாலை வந்தால் யார் கண்ணில் படும்?

ஆரணியில் கல்யாணம் என்று நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தார், லட்டு வாயே வைக்கவில்லையாம். நாங்கள் வந்த பிறகும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கோபமா இருக்கான், விடு" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் கழித்து எச்சில் ஒழுக பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்ததும்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சல் மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" பாராசிட்டமால் பூனைக்கு விஷமாம், ரத்தத்தையே கெடுத்துவிடுமாம். நல்லவேளை, கொடுக்கவில்லை. அப்புறம் லட்டுவை ஜன்னலோரம் தூக்கிப்போனார். "டியூப் லைட்ல பார்த்தா ஏமாந்துடுவோம்மா." உதட்டைத் தூக்கி ஈறு, கண்ணின் வெள்ளை, காதின் உள்பக்கம், காதுக்கு முன்னால் முடி குறைந்த தோல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாமே மஞ்சள் தண்ணீரில் முக்கினது மாதிரி இருந்தது. அந்தக் காதை நான் முந்தின நாளே பார்த்தேன், அழுக்கு என்று பஞ்சால் துடைத்தும் விட்டேன்! அவன் போவதற்கு மண் நிரப்பி வைத்த தட்டில் சிறுநீர் பட்ட இடம் டிகாஷன் நிறத்தில் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தத்தில் பிலிரூபின், அதாவது காமாலையில் ஏறுகிற மஞ்சள் நிறமி, 7.8. 0.5-க்கும் கீழே இருக்க வேண்டியதாம். காமாலை என்பது வெளியே தெரிகிற அடையாளம்தான். ரத்த அணுக்கள் உடைந்தாலும், கல்லீரல் கெட்டாலும், பித்தக்குழாய் அடைத்தாலும் வரும், எது என்று பார்க்க வேண்டும் என்றார். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும், இவனுக்கு அதுவாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டார். ஸ்கேன் இங்கே இல்லை. இரண்டு நாள் டிரிப் ஏறித் தெளிந்ததும் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அடைப்பு இல்லை, கொழுப்புதான்.

என் மாமியார் கொல்லையிலிருந்து கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து அரைக்கத் தயாராக நின்றார். டாக்டரிடம் கேட்டேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இவனுக்கு மருந்தே சோறுதாம்மா, அது உள்ளே போனாத்தான் கல்லீரல் தேறும்" என்றார். வாயில் திணித்தால் சாப்பாட்டையே வெறுத்துவிடுவான் என்று மயக்கம் கொடுத்துக் கழுத்து வழியாக ஒரு குழாய் போட்டார். அவர் சொன்ன டின் உணவை மிக்ஸியில் கூழாக அடித்து, வடிகட்டி, இளஞ்சூட்டில், ஊசி இல்லாத சிரிஞ்சால் நாலு மணிக்கொரு தடவை கொடுத்தோம். முதல் நாள் கொஞ்சம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி. ஒவ்வொரு தடவையும் கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். இதை எனக்குச் செய்து காட்டி, என்னையும் செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். அதற்காகவே 4 ஸ்டார்.

ஒன்று குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழாய் அடைத்துக்கொண்டது. கிளினிக் போனை யாரும் எடுக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விட்டு நானே சரிசெய்தேன், அதுவரை உயிர் கையில் இல்லை. அவசரத்துக்கு இன்னொரு நம்பர் தரக்கூடாதா?

செலவு மொத்தம் 14,000 ஆனது, வேப்பேரி போய்வந்த கார் வாடகை தனி. குழாயை 5 வாரத்தில் எடுத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்பே நெத்திலிக் கருவாட்டு வாசனைக்கு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

நாயும் பூனையும் ஒரே பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். ஒரு லாப்ரடார் குரைத்ததில் லட்டு கூடையிலேயே மூத்திரம் போய்விட்டான். பூனையோடு போகிறவர்கள் கூடையைத் துண்டால் மூடி எடுத்துப்போங்கள், மாற்றுத் துணியும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.