"ரெட்ரோ வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றால் நம்பாதீர்கள்

பெங்களூரில் பழைய பாணி மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அடுத்த சர்வீஸுக்கு விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 350 சிசி, ஒற்றை சிலிண்டர். வட்ட ஹெட்லைட், ஸ்போக் வீல். ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கியது, மூன்று வருட வாரண்டி. சனிக்கிழமைகளில் அல்சூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு அதில்தான் போவேன். அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள்.

இரண்டாவது வருடம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். பத்து நொடியில் அடங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் சொன்னேன். "ரெட்ரோ வண்டி சார், சத்தம் வரத்தான் செய்யும்" என்றார்கள். மொத்தம் மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் இதே பதில். அப்பா அந்தக் காலத்தில் யெஸ்டி ஓட்டியவர். ஒருமுறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சைலன்சர் சத்தம் வேற, இது உள்ளேர்ந்து வருதுடா, காட்டிட்டு வா" என்றார். நான் அப்பாவை விட்டுவிட்டு சர்வீஸ்காரரை நம்பினேன்.

வாரண்டி முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஹொசகோட்டே தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 46,000 ரூபாய். வாரண்டி காலத்திலேயே சொன்ன புகார்தானே என்று கேட்டதும், பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது நம் புகாரை எழுதும் தாள்களை, எடுத்து நீட்டினார்கள். மூன்றிலும் "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் இருந்தது. சத்தத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கீழே என் கையெழுத்து. என்னை ஏமாற்றிய இடம் இதுதான்.

அங்கிருந்து வண்டியை அல்சூரில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்துபோயிருந்தது. அதனால் செயின் தளர்ந்து, பல் தாண்டி, டைமிங் மாறி, வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கிறது. "ஆரம்பத்துலயே டென்ஷனரை மாத்தியிருந்தா சின்னச் செலவோட போயிருக்கும் தம்பி" என்றார். எல்லாம் சேர்த்து 19,500 ஆயிற்று.

விற்றுவிடலாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு 70,000 தான் தருவதாகச் சொன்னார்கள். "வண்டியோட அடிப்படை நல்லாத்தான் இருக்கு, கவனிக்காம விட்டாங்க" என்று அண்ணன் சொன்ன பிறகு வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். இப்போது காலையில் அந்தச் சத்தம் இல்லை.

உங்கள் வண்டியிலும் இப்படிச் சத்தம் வந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கிலோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுங்கள். நீங்கள் சொன்ன புகார் சொன்னபடியே ஜாப் கார்டில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. "நார்மல்தான்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தேய்ந்த டென்ஷனரையும் வளைந்த வால்வுகளையும் ஒரு டப்பாவில் போட்டு, மூன்று ஜாப் கார்டுகளோடு எடுத்து வைத்திருக்கிறேன்.