முதல் சந்திப்புக்கு மருந்துப் பட்டியலா, மருந்துப் பையா?

புதிய மருத்துவரை முதன்முறை பார்க்கச் செல்பவர், தாம் உட்கொள்ளும் மருந்துகளைத் தாளில் எழுதிச் செல்லலாம். அல்லது அட்டைகளையும் புட்டிகளையும் அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

எந்த மருந்தை எந்த வேளையில் உண்கிறோம், எதை ஒவ்வாமையால் நிறுத்தினோம் என்பதைத் தாள்தான் சொல்லும். ஆனால் எழுதும் கை தவறும், 2.5 மில்லிகிராமில் புள்ளி விடுபட்டால் 25 ஆகிவிடும்.

பையில் அந்தத் தவறுக்கு இடமில்லை. வெவ்வேறு வணிகப் பெயர் கொண்ட இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால், இரண்டிலும் பாராசிட்டமால் என்றே இருக்கக்கூடும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என எண்ணி இரண்டையும் விழுங்குபவர், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பை அறியாமலே கடந்து, கல்லீரலைக் கெடுத்துக்கொள்ள நேரிடும். மருந்தென்றே பலர் கருதாத சத்து மாத்திரைகளும் பையில் இருக்க வேண்டும்: முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின், தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவையே பிறழச் செய்யக்கூடும். (குளிரில் வைத்திருக்கும் இன்சுலினை மட்டும் வீட்டிலேயே விட்டு, அதன் பெட்டியைப் படமெடுத்துச் செல்லலாம்.)

பல மருந்துகள் உண்ணும் முதியவருக்குப் பையையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஒன்றிரண்டு மாத்திரைகள் மட்டுமே உண்பவருக்குக் கவனமாக எழுதிய தாளே போதும்.