முப்பது ரூபாய்க் கயிற்றோரம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி 4 அன்று முடிந்த மின்னொளிக் கால்பந்துப் போட்டியின் ஒன்பது இரவுகளையும், 500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரே சீசன் டிக்கெட்டில் பார்த்து முடித்தேன். கடைசி இரவில் வாசலில் மேலும் 50 ரூபாய் கொடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முந்தைய வாக்கியம் உண்மையாகும். போட்டியை நடத்தியது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஓர் ஊரின் கால்பந்துக் கழகம். ஊரின் பெயரையோ கழகத்தின் பெயரையோ எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது தானாகவே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நான் எழுதவந்தது ஆட்டத்தைப் பற்றியன்று, அந்த டிக்கெட்டைப் பற்றி.

நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரையிலான கரையில் பந்துகளி என்பது பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடங்காது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுகள் கிறிஸ்துமஸை ஒட்டிக் கரை சேரும். ஆண்கள் வீட்டில் இருக்கும் அந்தச் சில நாட்களை நம்பித்தான் இத்தகைய போட்டிகள் நடக்கின்றன. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2017-18-இல் சென்னை சிட்டி அணிக்காக, தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கிலும், அதன்பின் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிகளுக்காக இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரிலும் ஆடியதை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆகவே டிக்கெட் விலை ஏறினால் அந்தப் பேச்சு டீக்கடையோடு நிற்பதில்லை. கோயில் முற்றத்துக்கும் வலை பின்னும் கொட்டகைக்கும் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு கயிற்றோரத்தில் நின்று பார்க்க 20 ரூபாய், பலகைக் கேலரிக்கு 50, நாற்காலிக்கு 100. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். இந்த ஆண்டு அந்த விலைகள் 30, 80, 200 என்று ஆயின. பிள்ளைகளுக்கும் தலைக்கு 20 ரூபாய் விதித்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தன்று கேலரிக்கு 150, நாற்காலிக்கு 300. இவற்றுள் கேலரியின் 80 ரூபாயை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காசில் ஓர் இரவுக்கு இரண்டு ஆட்டம் பார்க்கிறோம்; மைதானத்தின் நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரம், ஜெனரேட்டர் வாடகை, டீசல், நடுவர்களுக்குப் படி, கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர் முதலிய ஊர்களிலிருந்து வரும் அணிகளுக்கு வண்டிச்செலவு, சாப்பாடு என்று எல்லாம் அந்த வாசலில்தான் வசூலாக வேண்டும். பெண்களுக்கென்று கேலரியின் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி 40 ரூபாய் என்று வைத்ததும், பள்ளியின் கழிப்பறையைத் திறந்து அவர்களுக்காக ஓர் ஆளை நிறுத்தியதும் நல்ல காரியங்கள். மொட்டை மாடியிலிருந்தே பந்தைப் பார்த்துப் பழகிய பெண்கள், பிள்ளைகளோடு கூட்டமாக வந்து உட்கார்ந்ததை இந்த ஆண்டுதான் பார்த்தேன்.

சீசன் டிக்கெட்டுக்கு வருகிறேன். ஒன்பது இரவும் தவறாமல் போகிறவன் நாள் டிக்கெட்டாக வாங்கினால் எட்டு நாளுக்கு 640, இறுதிக்கு 150, ஆக 790 ரூபாய் ஆகும். என்னைப் போன்றவனுக்கு 550 ரூபாயோடு முடிந்தது லாபந்தான். ஆனால் இங்கே எத்தனை பேர் ஒன்பது நாளும் கரையில் இருக்கிறார்கள்? என் மைத்துனரின் படகு டிசம்பர் 29 இரவில்தான் வந்து சேர்ந்தது. அவர் பார்த்தது 30-ஆம் தேதி ஆட்டமும், 31 இரவு ஆராதனைக்காக விட்ட விடுமுறைக்குப் பிறகு நடந்த நான்கு நாட்களுந்தான். நாள் டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அவருக்கு 470 ரூபாய் ஆகியிருக்கும். அவர் பேரில் நான் முன்கூட்டியே சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருந்ததால் 80 ரூபாய் நட்டம். அதை இன்றும் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார். முன்பணம் கொடுத்துக் கழகத்தின் கையைப் பலப்படுத்துகிறவனுக்கு இப்படி நேர்வது முறையன்று. ஐந்து நாள் டிக்கெட் ஒன்று இருந்திருந்தால் கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

அந்த 50 ரூபாய் வேறு கதை. மஞ்சள் நிறத்தில், தபால் அட்டையின் பாதி அளவில் இருந்த டிக்கெட்டின் முன்பக்கத்தில் ‘அனைத்து நாட்களுக்கும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில் கழகத்தின் ரப்பர் முத்திரை மை ஊறிப் பரவியிருந்த இடத்துக்குக் கீழே, ‘இறுதி ஆட்டத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு’ என்ற வரி பாதி அழிந்து கிடந்தது. எவ்வளவு கூடுதல் என்று அதில் இல்லை. ஐம்பது என்பது இறுதி ஆட்டத்தின் காலையில், மீன் ஏலக்கூடத்தின் ஒலிபெருக்கியில்தான் தெரிந்தது. சீசன் டிக்கெட்டின் விலை சரியாக 500-இல் நிற்பதைக் கவனித்த, வரித்துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுக்கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாதவரை ஜி.எஸ்.டி. கிடையாது என்பதை விளக்கிவிட்டு, “பயலுவ சட்டம் படிச்சிருக்கானுவ” என்று சிரித்தார். அப்படியெல்லாம் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்நூறு என்பது முழு நோட்டு. சில்லறை தேட வேண்டியதில்லை.

கேலரியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரும்புக் குழாய்களைக் கட்டி மேலே பலகை பரப்பிய ஏழு படிகள். நான்காவது படிக்கு மேல் உட்கார்ந்தால் மைதானம் முழுவதும் தெரியும், கடற்காற்று பின்கழுத்தில் அடிக்கும். கீழ்ப்படிகளில் இருப்பவர்களுக்கு நாற்காலிக்காரர்களின் தலைதான் காட்சி. இரண்டு இரவுகள் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து பார்த்தேன்; 200 ரூபாய்க்கு அது சற்றும் தகாது. மணல் தரையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் மெல்ல மெல்லப் புதைந்து, இடைவேளைக்குள் நாம் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். போதாக்குறைக்கு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் சடங்கு ஒவ்வொரு நாளும் நமக்கு நேர் முன்னால் நடக்கிறது. மூன்றாம் நாள் ஜெனரேட்டர் நின்று இருபது நிமிடம் இருட்டில் இருந்தோம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இருபது நிமிடத்தில் சுக்குக்காப்பிக்காரர் நன்றாக வியாபாரம் செய்தார்.

ஊரின் மனக்கசப்பு முழுவதும் கயிற்றோரத்தில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் மைதானத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் தேங்காய்நார் வடம் கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வரிசையாக மனிதர்கள் நிற்பார்கள். பக்கவாட்டில் ஓடும் ஆட்டக்காரனின் மூச்சு காதில் கேட்கும் தூரம் அது. கேலரியில் உட்கார வசதியுள்ளவர்களே சிலர் அங்கே நிற்பதைத்தான் விரும்புவார்கள். இந்த ஆண்டு இரு பக்கங்களையும் நாற்காலியும் விளம்பரப் பலகையும் பிடித்துக்கொள்ள, கயிற்றோரம் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு துண்டாகச் சுருங்கியது. அரையிறுதி நடந்த இரண்டு நாட்களிலும் இறுதி நாளிலும் அதுவும் இல்லை. ஆக, மைதானத்தின் மிக மலிவான இடம், ஊரார் மிகுதியாக வரும் நாட்களில், 30 ரூபாயிலிருந்து 80-க்கும் 150-க்கும் போய்விட்டது. விலைப்பட்டியலில் இதைக் காணமுடியாது. அங்கே பத்து ரூபாய் கூடியதாகத்தான் தெரியும்.

முதல் அரையிறுதியன்று வாசலில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். எழுபதை நெருங்கும் வயது. ஒருகாலத்தில் இதே மைதானத்தில் கோல் காத்தவர். கயிறு அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய உள்ளங்கையில் மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை மடித்து வைத்திருந்தார். வாசலில் இருந்த பையன் தயங்கித்தான் சொன்னான்: “மாமா, இன்னைக்கு நிக்க எடம் இல்ல. கேலரி டிக்கெட்டு எடுக்கணும்.”

“எவ்வளவாக்கும்?”

“எம்பது.”

பெரியவர் அவனைத் திட்டவில்லை. “லேய் மக்கா, இந்தக் குழியில மண்ணு கொட்டினப்ப ஒரு சீசன் முழுக்க மீன் வித்த காசில பங்கு குடுத்தவனாக்கும் நான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுகளைச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் 80 ரூபாயை நீட்டியதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்வார் என்று நான் நினைத்திருக்கவும் கூடாது. பிறகு மைதானத்தை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்பதைக் கண்டேன். அங்கிருந்து தெற்குக் கோல் தெரியாது.

கழகத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கயிற்றோரக் கூட்டம் உள்ளே சரிந்து, கோட்டைத் தாண்டி வந்து, ஆட்டத்தை இருமுறை நிறுத்தவேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி ஒன்றில் தற்காலிகக் கேலரியே சரிந்து ஏராளமானோர் காயமடைந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் நிற்கும் இடத்தை எடுத்துவிட்டு அதே கையோடு விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசல் 97 பேரைப் பலிகொண்டது. அதை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு, பெரிய அரங்குகள் எல்லாம் முழுக்க இருக்கைகளாயின. நின்று பார்த்தவர்களின் பைக்கு எட்டும் விலையிலேயே மலிவான இருக்கைகளைத் தரமுடியும் என்று டெய்லர் எழுதியிருந்தார். கழகங்கள் இருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டன. ஜெர்மனியிலோ நிற்கும் இடங்கள் ஒழியவில்லை. டார்ட்மண்ட் அரங்கின் தெற்குப் பகுதியில் இன்றும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுதான் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் மேல்மட்டப் பிரிவுகளிலும் 2022-23 முதல் தடுப்புக்கம்பி வைத்து நின்று பார்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் மைதானத்தில் தென்னங்கழியை நட்டு இரட்டைக் கயிறு கட்டி, இத்தனை பேர்தான் என்று எண்ணி விட்டால் முடியாதா என்ன?

லிவர்பூல்காரர்கள் 2016-இல் செய்ததை எங்கள் பையன்கள் செல்பேசியில் தேடிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு மிக உயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று கழகம் அறிவித்ததை எதிர்த்து, பிப்ரவரி 6 அன்று சண்டர்லாண்டுடன் நடந்த ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், ஆட்டம் முடிகையில் 2-2. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். இங்கேயும் 80-ஆம் நிமிடத்தில் எழுந்து போகலாமா என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் போகவில்லை; இறுதி ஆட்டத்தின் 80-ஆம் நிமிடத்தில் ஆட்டம் 1-1 என்று நின்றது, அந்த நேரத்தில் எழுந்து போகும் மனம் இந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் விலையும் வைக்கப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியே போய்ப் பார்ப்பதோடு ஒப்பிட்டால் உள்ளூர் மைதானம் இன்றும் மலிவுதான். 2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் ஆட்டம் திருவனந்தபுரம் சந்திரசேகரன் நாயர் அரங்கில் நடந்தபோது, குழித்துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயிலில் போய்விட்டேன். இரவு திரும்புவதற்கு நால்வர் சேர்ந்து வாடகை வண்டி பிடித்ததில் டிக்கெட்டைப்போல் பல மடங்கு செலவாயிற்று. சென்னைக்கோ நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல், ஓர் இரவுப் பயணம். ஆயினும் அங்கே நான் விருந்தாளி, கேட்ட விலையைக் கொடுக்கிறேன். இங்கே ஜெர்சிக்கும் பந்துக்கும் வலைக்கும் ஏற்கெனவே கொடுத்த கைதான் மறுபடியும் வாசலில் நீள்கிறது.

இறுதி இரவில் சுற்றியுள்ள மாடிகளும் மதில்களும் நிரம்பி வழிந்தன. கேலரியின் கிழக்கு மூலையில் ஒரு படி முழுக்கக் காலியாகக் கிடந்தது. டைபிரேக்கரில் கோப்பை வெளியூருக்குப் போனது.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு நடந்த கணக்குக் கூட்டத்தில், அடுத்த ஆண்டு கயிற்றோரத்தை இறுதி நாள் வரைக்கும் வைக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பழையபடி விடவேண்டும் என்று சிலர் கேட்டோம். செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். பொருளாளர் மட்டும், “அப்ப டீசலுக்கு யாரு குடுப்பா?” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர், ஒரு நாளைத் தம் படகின் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எந்த நாள் என்று பொருளாளர் பேனாவை எடுத்தார். “ஃபைனல்” என்றார் அவர்.