கிட்னிக்கு என்று விற்கும் ப்ரோபயாடிக் கேப்சூல்: 5-க்கு 3

அப்பாவுக்குச் சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறு, மூன்றாம் நிலை. டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய இந்த கேப்சூலை ஆன்லைனில் வாங்கினோம். சில மாதங்களாகச் சாப்பிடுகிறார்.

மலச்சிக்கல் நன்றாகவே குறைந்திருக்கிறது. கிட்னி நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பொட்டாசியத்துக்குப் பயந்து பழம், கீரை எல்லாவற்றையும் குறைத்துவிடுகிறோம், நார்ச்சத்து கிடைக்காத குடல் பாக்டீரியா புரதத்தை உடைக்க ஆரம்பிக்கிறது, அதில் உண்டாகும் இண்டோல், பி-கிரெசால் போன்றவை உடம்புக்குள் போய் இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் என்ற நச்சுகளாக மாறி ரத்தத்தில் சேர்கின்றன. நல்ல கிட்னி இவற்றைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸில்கூட இவை சரியாக வெளியேறுவதில்லை. அதனால் வயிறு தினமும் ஒழுங்காகப் போவதே பெரிய ஆறுதல்.

ஆனால் டப்பாவில் 'கிரியேட்டினின் குறையும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுதான் கிரியேட்டினின், அப்பாவுக்கு அது அசையவே இல்லை. புரதத்திலிருந்து உண்டாகும் யூரியா என்ற இன்னொரு கழிவு மட்டும் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்து கிட்னி தேறிவிட்டது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். ரத்தத்தில் ஏறிய யூரியா குடலுக்குள்ளும் கசியும், அங்கே சில பாக்டீரியாக்கள் அதை உடைக்கும், கறியும் பருப்பும் குறைத்தாலும் அது இறங்கும், இதில் எது நடந்தாலும் கிட்னி அதே நிலையில்தான் இருக்கும்.

ஜப்பானில் 1991 முதல் கிரெமெசின் என்ற கரித்தூள் மருந்து தருகிறார்கள், இண்டோலைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதற்காக. யோசனை அருமையானதுதான். ஆனால் 2000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், அது நோய் முற்றுவதைத் தள்ளிப்போட்டதாக நிரூபிக்க முடியவில்லை. மருந்துக்கே இந்த நிலை என்றால் ஒரு சத்து மாத்திரை இவ்வளவு தைரியமாக எப்படிச் சொல்கிறது?

அப்புறம், 'ஃப்ரிட்ஜில் வைக்கவும்' என்று எழுதிவிட்டு ஐஸ் பேக் இல்லாமல் வெயிலில் சூடேறிய பார்சலாக அனுப்புகிறார்கள். உள்ளே எத்தனை பாக்டீரியா உயிரோடு இருந்ததோ! விலையும் அதிகம்.

மலச்சிக்கலுக்காக என்றால் வாங்கலாம், நாங்களும் திரும்ப வாங்குவோம். பிரஷர், சர்க்கரை மாத்திரையை இதை நம்பி நிறுத்தவே கூடாது. எந்தக் காய்கறியை எவ்வளவு சேர்க்கலாம் என்று டயட்டீஷியனிடம் கேட்டால் நார்ச்சத்துக்கு வழி சொல்வார்கள், அதை முதலில் செய்யுங்கள். கிட்னி மாற்று சிகிச்சை செய்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள், உயிருள்ள பாக்டீரியாவே அவர்களுக்குத் தொற்றாக மாறலாம்.